ஊருணிக்கரையில் நான் சொன்ன பொய்

பகல் பதினொன்று இருபதுக்குக் கார் நின்றது. நின்றவுடன் கைக்கடிகாரத்தைப் பார்த்ததால் அந்த நேரம் மறக்கவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், மழை சரியாகப் பெய்யாத ஒரு வருடம். சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை. மதுரையிலிருந்து திருச்சி போகும் சாலையில், கொட்டாம்பட்டிக்குச் சற்று முன்னால்.

அப்போது கப்பலூரில் ஒரு சிறிய தொழிற்சாலையில் அலுவலக வேலையில் இருந்தேன். புதிதாக வாங்கிய இயந்திரத்தைப் பொருத்திக் கொடுக்க ஜெர்மனியிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்திருந்தார். எனக்கு ஆங்கிலம் வரும் என்பதால், விடுமுறை நாளில் அவருக்கு ஊர் சுற்றிக் காட்டும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த என் மகளையும் கூட்டிக்கொண்டேன். இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற பிள்ளை, நாலு வார்த்தை பேசிப் பழகட்டும் என்று நினைத்தேன். அப்பா எவ்வளவு நன்றாகப் பேசுகிறார் என்று அவள் பார்க்கட்டும் என்ற ஆசையும் இருந்தது.

அந்த மனிதர் எதையும் கேட்டுவிட்டுத்தான் செய்வார். ஒத்தக்கடையில் டீ குடிக்க இறங்கியபோது, யானைமலையைப் படம் எடுக்கலாமா என்று டீக்கடைக்காரரிடம் கேட்கச் சொன்னார்.

"மலை என்ன எங்க வீட்டு மலையாண்ணே? எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கிரச் சொல்லுங்க" என்று கடைக்காரர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். தின்ற வாழைப்பழத்தின் தோலைக்கூட அவர் ரோட்டில் போடாமல் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். கொஞ்சம் அதிகமாகத்தான் செய்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

கார் நின்றதற்குக் காரணம், ரேடியேட்டர் குழாய் வெடித்ததுதான். டிரைவர் வேறு குழாய் வாங்கிவர மேலூருக்குப் பஸ் ஏறிப் போய்விட்டார். இன்ஜினியரால் சும்மா இருக்க முடியவில்லை. பானெட்டைத் திறந்து அங்கும் இங்கும் கையை விட்டு, முழங்கை வரை எண்ணெயும் கரியுமாக நிமிர்ந்தார். சட்டையிலும் பூசிக்கொண்டிருந்தார்.

சாலையை ஒட்டி ஓர் ஊருணி. பாதிக்கு மேல் வற்றி, செம்மண் கலங்கலாகத் தண்ணீர் கிடந்தது. அதில் குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓர் இளம்பெண் மேலேறி வந்தாள். இருபது வயதுதான் இருக்கும். என் மகளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"பிள்ள மொகம் செவந்து கெடக்கே. இந்தா தாயி, கைய ஏந்து."

மகள் கையை ஏந்திவிட்டாள். "தண்ணி எங்கம்மா எடுத்தது?" என்று கேட்டேன்.

"இந்தா, இந்த ஊருணிதாண்ணே. இத விட்டா எங்களுக்குக் குடிதண்ணி கெடையாது. கலங்கலாத்தான் இருக்கும், தேத்தாங்கொட்டைய ஒரசி வச்சோம்னா தெளிஞ்சிரும்."

மகளின் கையைச் சட்டென்று பிடித்து இழுத்தேன். "வேண்டாம்மா. கார்ல வெந்நீர் இருக்கு."

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. ஆனாலும் கோபப்படவில்லை. "சரிண்ணே. அந்தத் தொரைகிட்ட மட்டும் சொல்லிருங்க. இதுல கை காலு கழுவக் கூடாது. நான் ரோடு வேலைக்குப் போறேன், இல்லாட்டி நானே நின்னு பாத்துக்கிருவேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

இன்ஜினியர் என்னிடம் வந்து கேட்டார். அந்தப் பெண் என்ன சொன்னாள்? இது என்ன தண்ணீர்?

பதில் என் நாக்கில் இருந்தது. ஆனால் அந்தக் கலங்கலைப் பார்த்தேன், அவருடைய நீலக் கண்களைப் பார்த்தேன். எங்கள் ஜனங்கள் இதைத்தான் குடிக்கிறார்கள் என்று ஒரு வெளிநாட்டுக்காரரிடம் சொல்ல வாய் வரவில்லை. ஊருக்குத் திரும்பிப் போய் எத்தனை பேரிடம் சொல்வாரோ என்று நினைத்தேன்.

"குளிக்கிற தண்ணீர்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"சோப்புப் போடலாமா? நிச்சயமாகத் தெரியுமா?" என்று மறுபடியும் கேட்டார்.

"தாராளமாக."

மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, அந்த அக்கா குடிக்கிறதுன்னுதானே சொன்னாங்க?"

"நீ சும்மா இரு" என்றேன்.

அவர் ஷூவைக் கழற்றிக் கரையில் ஒழுங்காக வைத்துவிட்டுப் படியில் இறங்கினார். கை நிறைய நுரை. பிறகு சட்டையையும் கழற்றி அலசினார். எண்ணெய் வானவில் நிறத்தில் பரவிக்கொண்டே போனது. அப்போதாவது ஓடிப்போய்த் தடுத்திருக்கலாம். தடுத்தால் சொன்னது பொய் என்று தெரிந்துவிடுமே என்று நின்றேன்.

சைக்கிளில் வந்த ஒருவர் பார்த்துவிட்டுக் கத்தினார். "ஏய், ஏறுய்யா மேல! குடிக்கிற தண்ணில சட்டை தொவைக்கிறான் பாரு!" கொஞ்ச நேரத்தில் இருபது முப்பது பேர் கூடிவிட்டார்கள்.

"மழை வர்ற வரைக்கும் இந்தத் தண்ணிதாண்ணே. படிச்ச ஆளாத் தெரியுறீங்க, நீங்களாச்சும் சொல்லக் கூடாதா?" என்றார் சைக்கிள்காரர்.

"எங்களுக்கு யாரும் சொல்லலையே" என்றேன்.

"இப்பத்தானே ஒரு பிள்ள தண்ணி எடுத்துட்டுப் போச்சு. அது சொல்லலையா?"

"இல்லை."

இதை எழுதும்போதும் என் கை கூசுகிறது. முதல் பொய்யையாவது வெட்கத்தில் சொன்னேன். இரண்டாவதை, தப்பித்துக்கொள்ளச் சொன்னேன்.

கூட்டத்தில் இருந்த பெண்கள் அங்கே இல்லாத அவளை ஏசத் தொடங்கினார்கள். "வாக்கப்பட்டு வந்து ஒரு வருசம் ஆகல, ஊருத் தண்ணி எக்கேடு கெட்டா அவளுக்கு என்ன?" என்றாள் ஒருத்தி. "வரட்டும். இனிமே இந்த ஊருணில அவ கொடம் எறங்கக் கூடாது" என்றாள் இன்னொருத்தி. தூரத்தில் ரோடு வேலை நடந்த இடத்துக்கு, அவளைக் கூட்டிவர ஓர் ஆள் கிளம்பிப் போனார்.

இன்ஜினியர் ஈரத்தோடு நின்று, "என்ன சொல்கிறார்கள்?" என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள் சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில், மூன்றே வார்த்தையில். "அங்கிள், தே டிரிங்க்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. என்னைத் திட்டவில்லை. வேறு நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டார். ஒரு மைல் தள்ளி யாரோ ஒருவரின் தோட்டத்தில் பம்பு செட்டுக் கிணறு இருந்தது; அன்றைக்கு மட்டும் எடுத்துக்கொள்ள விட்டார்கள். அங்கிருந்து ஊர்க்காரர்களுக்குக் குடிக்க, கைக்கு ஒரு குடமாக அவர் சுமக்க ஆரம்பித்தார். நானும் சுமந்தேன். ஊர்க்காரர்கள் எண்ணெய் மிதந்த மூலையை வேட்டியால் ஒதுக்கி, அந்தத் தண்ணீரைக் குடம் குடமாக மொண்டு வெளியே கொட்டினார்கள். அந்த வெயிலில், அந்த வருடத்தில், குடிக்கிற தண்ணீரைத் தரையில் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

மூன்றாவது நடையில் அவர் பேசினார். "தெரியாத நாட்டில் நான் கேட்டுத்தான் நடக்க முடியும். நீங்கள் சொல்வதைத்தான் நம்ப முடியும்." அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் தலையில் நான் பழியைப் போட்டது அவருக்குத் தெரியாது. கூட்டத்துக்கு ஆங்கிலம் தெரியாது. நான் சொன்னால்தான் உண்டு. ஒவ்வொரு நடையிலும் இந்த முறை சொல்லிவிடலாம் என்று வந்தேன். சொல்லாமலே திரும்பினேன்.

ஐந்து மணி இருக்கும், அவள் வந்தாள். வழியெல்லாம் ஏச்சு வாங்கியிருக்க வேண்டும். கண்கள் வீங்கியிருந்தன. யாரையும் பார்க்காமல் நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, நான் சொன்னேனா இல்லையா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் மகளும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னீங்கம்மா. நான்தான் அவர்கிட்ட மாத்திச் சொல்லிட்டேன். இதைக் குடிக்கிறீங்கன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு."

"அட என்ன மனுசன்யா நீ!" என்றார் சைக்கிள்காரர். அவள் கத்தவில்லை.

"குடிக்கிற எங்களுக்கு இல்லாத வெக்கம் ஒங்களுக்கு எதுக்குண்ணே?" என்றாள்.

அந்த நாளைப் பற்றி என் மகள் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் ஒருவர் சொன்னதை இன்னொருவருக்கு நான் எடுத்துச் சொல்லும்போதெல்லாம் அவள் கை வேலையை நிறுத்திவிட்டுக் கவனிக்கிறாள், எனக்கு இன்றும் நாக்கு குழறுகிறது.