கதவை மூடட்டுமா?

சிறை பிளாக்கின் வெளிக்கதவு என் முதுகுக்குப் பின்னால் பூட்டப்பட்டது. தினமும் கேட்கிற சத்தம்தான். அன்றைக்கு அதைக் கேட்டதும் மார்பு படபடவென்று அடித்துக்கொண்டது. விரல்கள் மரத்துப்போயின, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. செத்துவிடப் போகிறேன் என்றே நினைத்தேன்.

நான் சிறைக் காவலன். வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பிளாக்குக்குள் கைதிகளின் அறைகளை நான் பூட்டுவேன். என்னையும் சேர்த்து வெளிக்கதவை வெளியே நிற்பவர் பூட்டுவார். பல வருஷமாக இப்படித்தான். ஒருநாளும் அதை நான் யோசித்ததில்லை.

ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. (இதயத் துடிப்பைக் கோடாக வரைந்து காட்டும் சோதனை) எடுத்தார்கள். எக்கோ (இதயம் சுருங்கி விரிவதைத் திரையில் பார்ப்பது) எடுத்தார்கள். இரண்டிலும் குறையில்லை. இதயத்துக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சிரித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒன்றுமில்லாததற்கா மனுஷன் இப்படி வியர்ப்பான்? மாமியார் தர்காவில் மந்திரித்துத் தாயத்து வாங்கி வந்தார். கட்டிக்கொண்டேன். இதில் போய் மாமியாரோடு தகராறு எதற்கு?

அந்தப் படபடப்பு திரும்பத் திரும்ப வந்தது. சாக்குச் சொல்லி, பிளாக்குக்குள் நிற்கும் உள் டியூட்டியை மாற்றிக்கொண்டே இருந்தேன். சாக்குகளும் தீர்ந்தன. வேலையை விட்டுவிடுகிறேன் என்று மனைவி கலாவிடம் சொன்னேன். அவள் எங்கள் வீடு இருக்கும் சத்துவாச்சாரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஆம்பூர் போய் ஷூ தைத்துவிட்டு வருகிறவள். நறுக்கென்று பேசுவாள்.

"வேலைய விட்டுட்டு இன்னா பண்ணப் போறீங்க? வீட்லயும் கதவு இருக்குதே. பாத்ரூம் தாப்பாளயே போட மாட்றீங்க."

அவள் அதைக் கவனித்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மனநல மருத்துவர் வரும் நாளில் கைதிகளை அவர் அறைக்கு அழைத்துப்போகும் வேலை எனக்குக் கிடைத்தது. அவரை எல்லோரும் மேடம் என்போம். வருகிறவர்களில் பாதிப் பேர் மாத்திரைக்காக நடிக்கிறார்கள் என்பது எங்கள் எல்லோருடைய கருத்து. ஒருநாள் அவரிடமே சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"இருக்கலாம் சார். ஆனா நடிக்கிற அளவுக்கு அவருக்கு என்ன கஷ்டம்னு கேக்கணும் இல்ல?"

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் உள்ளே வந்தாலும், பெயர் சொல்லி உட்காரவைத்து, முதலில் இதைத்தான் கேட்பார்: "கதவு திறந்திருக்கட்டுமா, மூடட்டுமா?" சிறைக்குள் கதவைப் பற்றி எந்தக் கைதியிடமும் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. முரடன் என்று நாங்கள் ஒதுங்கிப் போகும் ஒருவர் அந்தக் கேள்விக்கே அழுதுவிட்டார். நான் வாசலில் நின்றிருந்தேன். இந்த அம்மா சாதாரண ஆள் இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன்.

யுவராஜ் என்ற விசாரணைக் கைதி ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் வேலை செய்தவன். திறந்தே இருக்கட்டும் என்றான். அதனால் மேடம் கேட்டதெல்லாம் என் காதில் விழுந்தது. மார்பு அடித்துக்கொள்கிறதா? கை மரத்துப்போகிறதா? இப்போதே உயிர் போகும் என்று தோன்றுகிறதா? மறுபடி வந்துவிடுமோ என்று பயந்து சில இடங்களைத் தவிர்க்கிறீர்களா? ஒவ்வொன்றுக்கும் அவன் ஆமாம் என்றான். நானும் மனசுக்குள் ஆமாம் என்றேன். இதற்குப் பீதி நோய் (ஆபத்து இல்லாதபோதும் உடம்பு உயிர்ப்பயம் கொள்வது) என்று பெயர், குணப்படுத்தலாம் என்றார் மேடம். அவனுக்குச் சொன்னதில் பாதி ஆறுதலை நான் எடுத்துக்கொண்டேன்.

அவனை இன்னொரு காவலர் கூட்டிப்போனார். "அடுத்தது யாரு சார்?" என்றார் மேடம். வேறு யாரும் இல்லை.

விஷயம் வெளியே தெரிந்தால் என் பெயருக்கு முன்னால் 'மெண்டல்' என்று ஒட்டிவிடுவார்கள். அதுவும் தெரியும். தொப்பியைக் கழற்றினேன்.

"நான்தான் மேடம்."

கைதிகள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் ஆச்சரியம் காட்டவில்லை. "கதவு?" என்றார். திறந்தே இருக்கட்டும் என்றேன்.

சிகிச்சை அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் நடந்தது. பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரை, கூடவே ஒரு பயிற்சி. மூடிய அறையில் உட்கார வேண்டும். பயம் வந்தால் எழுந்து ஓடக்கூடாது.

"விக்கல் மாதிரி சார். ஓடினா நிக்குமா? வந்த மாதிரியே போகும், விடுங்க" என்றார் மேடம்.

வீட்டில் கலா என்னை அறைக்குள் விட்டு வெளியே தாழ் போட்டாள். ஊரைப் பூட்டுகிறவனைப் பெண்டாட்டி பூட்டினாள். முதல் தடவை கதவை இடித்தேன், திறந்துவிட்டாள். இரண்டாம் தடவையும் அப்படியே. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூண்டு உரித்துக்கொண்டு கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவள், "திறக்கட்டா?" என்றாள். குரல் நடுங்கியது.

"வேணாம். நீ அங்கயே இரு."

சட்டை நனைந்தது. பயம் உச்சிக்கு ஏறியது. அங்கேயே கொஞ்சம் நின்றது, பிறகு தானாக இறங்கியது. யாரும் எதையும் திறக்கவில்லை. வெளியே கலா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவளும் உள்ளே பூட்டப்பட்டவள் போலத்தான் அத்தனை நாளும் இருந்திருக்கிறாள்.

உங்களுக்கும் இப்படி இருக்கலாம். என் மாத்திரை உங்களுக்குப் பொருந்தாது, டாக்டரைப் பாருங்கள். வெட்கம் மட்டும் பொதுவானது; அதைக் கழற்றி வையுங்கள்.

முழுசாகப் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. பூட்டுச் சத்தத்துக்கு மார்பு இன்னமும் ஒருமுறை துள்ளுகிறது. முன்பு அந்த ஒரு கணத்தில் ஆயுசே முடிந்துபோகும். இப்போது அது ஒரு கணம் மட்டும்தான். இந்த உடம்பு எனக்கு எதிரி இல்லை, கொஞ்சம் பயந்த சுபாவம், அவ்வளவே.

நான் மறுபடி உள் டியூட்டி பார்க்கிறேன். மாலையில் ஒவ்வோர் அறையையும் பூட்டும் முன், "பூட்டப் போறேன்பா" என்கிறேன். பதில் வரும்வரை நிற்கிறேன். முதல் நாள் யுவராஜ் என் முகத்தையே பார்த்தான்.

"மேடம்கிட்ட கத்துக்கினீங்களா சார்?"

"ஆமா. உனக்குச் சொன்னது எனக்கும்தான்."

அவன் சிரிக்கவில்லை. "சரி, பூட்டுங்க சார்" என்றான்.

எல்லா அறைகளையும் பூட்டிவிட்டு வெளிக்கதவுக்கு வருகிறேன். கம்பிக்கு அந்தப் பக்கம் மூத்த காவலர் சாவியோடு நிற்கிறார். பூட்டட்டுமா என்று அவர் கேட்கமாட்டார், அது அவர் வழக்கமில்லை. நானே உள்ளே நின்றபடி சொல்கிறேன்.

"பூட்டுங்கண்ணே."