கிடைத்தது

அலுவலகத்துக்கு வரும் எந்தக் கடிதத்துக்கும், பதில் தயாராகாவிட்டாலும், கிடைத்தது என்று உடனே அறிவிக்க வேண்டும். இலங்கையில், புத்தளத்தில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்த காலம் முழுவதும் நான் கடைப்பிடித்த விதி இது. கனடாவில் இதை இயந்திரங்களே கடைப்பிடிக்கின்றன. மருந்துக்கடைக்கு ஒரு வரி எழுதினால், கையை எடுப்பதற்குள் 'உங்கள் செய்தி கிடைத்தது, நன்றி' என்று வந்துவிடும். இந்த விதியை மதிக்காத ஒரே இடம், நம்மவர் நடத்தும் ஊர்ச் சங்கத்தின் அரட்டைத் தளம்.

எங்கள் ஊரான பள்ளிவாசல்துறையின் ஆட்கள் எங்கிருந்தாலும் ஊரோடு எழுதிக் கதைப்பதற்கென்று அமைத்த தளம் அது. முன்பு வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. அனுப்பிய வரி போய்ச் சேர்ந்ததும் அடியில் 'கிடைத்தது' என்ற சொல்லும் திகதியும். இந்த ஆண்டு அதை 'மேம்படுத்தினார்கள்'. எழுத்துகள் குமிழிகளுக்குள் போயின. பின்னணியில் சூரியன் மறையும் கடல் அசைகிறது. 'கிடைத்தது' அழகைக் கெடுக்கிறதென்று எடுத்துவிட்டார்கள். ஊரில் என் அக்கா பிலோமினா சிக்னல் பிடிக்க வள்ளங்கள் இழுத்துவைத்திருக்கும் கரைக்கு நடக்க வேண்டும். அங்கே கடலைப் பார்த்துக்கொண்டு நின்று, கைப்பேசியில் கடலின் படம் இறங்கி முடியும்வரை காத்திருக்கிறாள். இதற்குப் பெயர் மேம்பாடு.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று அவளுக்கு எழுதினேன். மனைவி போனபின் இங்கே எனக்கு ஒன்றுமில்லை, நம் வீட்டுக்கே வந்து இருந்துவிடட்டுமா என்று கேட்டேன். வீடு இப்போது அவளுடையது. மகனும் மருமகளும் பிள்ளைகளும் அவளோடு இருக்கிறார்கள். பதில் வரவில்லை. போனதா, போகவில்லையா? அதுவும் தெரியவில்லை.

தளத்துக்குப் பொறுப்பான ஜெரோமை அழைத்தேன். ஒரு காலத்தில் புத்தளத்தில் என் மேசைக்கு முன் வரிசையில் நின்றவர்.

"அங்கிள், இது உங்கட அரசாங்கக் கந்தோர் இல்ல. ஒப்பம், முத்திரை எண்டெல்லாம் போட ஏலாது. இப்ப பாக்க வடிவா இருக்குதுதானே?"

"வடிவைக் கேக்கேல்ல தம்பி. போய்ச் சேந்துதா எண்டு கேக்கிறன்."

"அவ்வளவு அவசரமெண்டா ஒரு கோல் எடுங்கோவன்!"

எடுத்திருக்கலாம். ஆனால் அக்காவின் 'ஓம்' எனக்குத் தெரியும். யுத்தத்தில் வடக்கிலிருந்து வந்த மூன்று குடும்பங்கள் வாசலில் நின்று தங்கலாமா என்று கேட்டபோதும் அவள் ஓம் என்றாள். அந்த வருஷம் முழுக்கக் குசினியில் அடுப்போரம் படுத்தாள். குரலில் கேட்டால் எனக்கும் அந்த ஓம்தான் கிடைக்கும். எழுதிக் கேட்டால் யோசித்துச் சொல்வாள்.

நூலகத்தில் கணினி உதவிக்கு இருக்கும் பெண்ணிடம் போனேன். என் செய்தி ஒரு பெண்மணிக்குக் கிடைத்ததா என்று எப்படி அறிவது என்றேன். அவர் முகம் மாறியது. "ஒருவேளை அவருக்குப் பதில் சொல்ல விருப்பமில்லையோ?" என்று மெதுவாகக் கேட்டு, விரும்பாதவரைத் தொந்தரவு செய்வது குற்றம் என்னும் துண்டுப்பிரசுரம் ஒன்றை நீட்டினார். என் சொந்த அக்கா என்று விளக்கினேன். அவர் துண்டுப்பிரசுரத்தைத் திரும்ப வாங்கவில்லை.

சங்கத்தின் யாப்பு விதிகளின்படி பத்து உறுப்பினர் ஒப்பமிட்டுக் கேட்டால் செயற்குழு கூடியே ஆகவேண்டும். ஒப்பம் சேர்த்தேன், கூடியது. அசையும் கடலை அகற்றினார்கள், தளம் சட்டென்று திறந்தது. 'கிடைத்தது' திரும்பி வந்தது. அன்றே என் கேள்வியைத் தேடிப் பார்த்தேன். அதன் அடியில் 'கிடைத்தது' என்று இருந்தது, விபூதிப் புதனின் திகதியோடு. அத்தனை பாரத்தையும் இழுத்துக்கொண்டு அது அன்றைக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

"இப்ப சந்தோசமா அங்கிள்?" என்று ஜெரோம் எழுதினார். அவருக்கு நான் 'கிடைத்தது' என்றுகூட எழுதவில்லை. பதில் வராததற்கு முறைப்பாடு செய்ய இனி யாரும் மிச்சமில்லை.

பிறகொரு மாலை, தேநீர் ஊற்றும்போது அக்காவின் வரி வந்தது.

"தம்பி, உனக்கு இல்லையெண்டு சொல்ல மனம் வரேல்ல. ஓம் எண்டு எழுதவும் ஏலாமக் கிடக்கு. மகனுக்கு இன்னொரு பிள்ளை வரப்போகுது, இடமில்ல. வந்து கொஞ்ச நாள் நிண்டுட்டுப் போ. மீன் ஆக்கித் தாறன்."

அங்கே மறுநாள் விடிந்திருக்கும்; விடியற்பூசை முடிந்து, கோயில் உடுப்போடேயே கரைக்கு வந்து எழுதியிருக்க வேண்டும். நான் ஒரு சொல் தட்டுமுன்பே அவள் திரையில் 'கிடைத்தது' விழுந்திருக்கும். அதற்குத்தானே கூட்டம் கூட்டினேன். பதில் வந்த நாள் அக்காவுக்கு உயிர்த்த ஞாயிறு. எனக்கு இன்னும் அதற்கு முந்திய நாள், பெரிய சனி.