பேனாவில் எழுதிய சீட்டுகள்

எங்கள் மாமா தவளை பிடிக்கிறவர் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பார்க்க அவ்வளவு கண்ணியமாக இருப்பார். தமிழ்நாட்டிலிருந்து எங்கள் தீவின் தலைநகரான சூவாவுக்கு உயிரியல் வாத்தியாராக வந்தவர். சூவாவின் சமபுலா பகுதியிலேயே பிறந்து வளர்ந்த அப்பாவுக்குத் தன் தங்கையைக் கட்டிக்கொடுத்துவிட்டு எங்களோடேயே தங்கியிருந்தார். சனிக்கிழமையானால் போதும், யங்கோனா வேரில் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு மலைக்குப் பஸ் ஏறிவிடுவார். அதை ஊர்த்தலைவர் முன்னால் வைத்து அனுமதி வாங்காமல் அங்கே எந்த ஓடையிலும் கால் வைக்க முடியாது.

மழை பெய்தால் எங்கள் வாசலிலேயே ஒரு கூட்டம் தேரை வந்து உட்கார்ந்திருக்கும். அதை விட்டுவிட்டு இவர் ஏன் மலையேறுகிறார் என்பது அப்பாவுக்குப் புரிந்ததே இல்லை.

"அதெல்லாம் கரும்பு வண்டைத் தின்னக் கப்பல்ல கொண்டுவந்து விட்டது. இந்த மண்ணோட ஜீவன் இல்ல" என்பார் மாமா.

"அரே மச்சான், கரும்புக்காகக் கப்பல்ல வந்ததா? அப்ப அது நம்ம ஆஜாவோட ஆளு!" என்பார் அப்பா. கரும்புத் தோட்டக் கூலியாகக் கப்பலில் வந்த தாத்தாவை அவர் அப்படித்தான் சொல்வார்.

மாமா தேடியது அந்த மண்ணுக்கே உரிய சின்னத் தவளைகளை. மூன்று ஓடைகளிலிருந்து பதினெட்டு சேர்த்திருந்தார். மூன்றாவது ஓடையில் பிடித்த ஆறும் இதுவரை யாரும் பெயர் வைக்காத புது இனம் என்பது அவர் நம்பிக்கை. உயிரோடு இருந்தபோது அவற்றின் வயிறு மஞ்சளாக இருந்ததாம், கத்தலும் வேறு மாதிரியாம். ஸ்பிரிட்டில் போட்டதும் மஞ்சள் வெளுத்துப் பதினெட்டும் ஒரே சாம்பலாகிவிட்டன. எது எந்த ஓடை என்று சொல்ல, பின்னங்காலில் நூலால் கட்டிய சீட்டைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

ராணுவம் பாராளுமன்றத்துக்குள் புகுந்த வருடம் அது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பெட்டி கட்டினார்கள். எங்களுக்கும் ஆக்லாந்துக்கு விசா கிடைத்தது, மாமாவுக்குக் கிடைக்கவில்லை. தவளைகளாவது போகட்டும் என்று அங்கிருந்த ஒரு நிபுணருக்குக் கடிதம் எழுதிச் சம்மதம் வாங்கினார். இடம் அடைக்காமலிருக்கப் பதினெட்டையும் அம்மாவின் பெரிய ஊறுகாய்ப் பாட்டிலில் ஒன்றாகப் போட்டுவைத்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

வெளிநாடு போவதென்றால் எல்லாம் புதுசாக இருக்க வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். எனக்குப் புதுக் கவுன், தம்பிக்குப் புதுச் செருப்பு. தவளைகளுக்கு மட்டும் பழுப்பேறிய சீட்டு. அதிலும் பென்சில் எழுத்து! பென்சில் என்றால் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு. நான் பேனாவுக்கு ஏறி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. இவ்வளவு படித்த மாமா பென்சிலால் எழுதியிருப்பது எனக்கே மானக்கேடாகப் பட்டது.

அவர் வெளியே போயிருந்த ஒரு பகலில் உட்கார்ந்து, ஒவ்வொரு சீட்டையும் பார்த்துப் புது வெள்ளை அட்டையில் நீலப் பேனாவால் எழுதிக் கட்டினேன். ஓர் எண்கூடத் தப்பில்லை. பழைய சீட்டுகளைக் குப்பையோடு கொளுத்திவிட்டேன்.

மூன்றாம் நாள் மாமா பாட்டிலைத் திறந்தபோது ஸ்பிரிட் இலேசான நீலமாக இருந்தது. அட்டைகள் எல்லாம் சுத்த வெள்ளை.

"பேனாலயா எழுதினே?" என்றார். தலையாட்டினேன்.

"ஸ்பிரிட் மையைத் தின்னுடும்மா. பென்சிலைத்தான் விட்டுவைக்கும்." பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "மூணாவது ஓடைத் தவளை எதெதுன்னு ஞாபகம் இருக்கா?"

இல்லை. ஆனாலும் "இருக்கு மாமா" என்று அடித்துச் சொல்லி, ஏதோ ஆறைத் தொட்டுக் காட்டினேன். மாமா பென்சிலை எடுத்தார். என் முகத்தைப் பார்த்தார். எழுதாமல் பென்சிலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். நான்தான் காட்டிவிட்டேனே, எழுதினால் என்ன என்று எனக்குக் கோபம்கூட வந்தது. ஒரு பொய்ச் சீட்டை எழுதுவதைவிடத் தன் தவளையையே இழக்கத் துணிந்த மனிதரை நான் அதற்குப் பிறகு சந்தித்ததில்லை.

"விடு குட்டி. அடுத்த சனிக்கிழமை போய் வேற புடிச்சுக்கலாம்" என்றார்.

மலைப் பாதையைச் சோல்ஜர்கள் மறித்து இரண்டு வாரமாகியிருந்தது. எங்கள் விமானம் வியாழக்கிழமை. இரண்டும் எனக்குத் தெரியும். ஆனாலும் மாமா சொன்னால் சனிக்கிழமை வந்துதானே ஆக வேண்டும்? அவர் பாட்டிலைக் கழுவி அம்மாவிடம் கொடுத்தார். அடுத்த வருடம் வேலையும் போய் ஊருக்குத் திரும்பினார். அந்தத் தவளையைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி எழுதியதில்லை. நானும் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்க அவர் இல்லை.

அன்றைக்கு எனக்குப் பெரிய நிம்மதி. தம்பியோடு விளையாட ஓடும்போது, வாசலில் நின்று திரும்பி வாக்குறுதி வேறு கொடுத்தேன்.

"சனிக்கிழமை நீங்க புடிச்சிட்டு வாங்க மாமா. இந்தத் தடவை பென்சில்லயே எழுதித் தர்றேன்."

"சரிம்மா" என்றார்.