அணு உலை மாப்பிள்ளைக்காக விழிதியூர் வரை

1986 ஜூன் மாதத்து முதல் சனிக்கிழமை. விடிகாலை நாலரை மணிக்குச் செங்கல்பட்டில் பஸ் ஏறினேன். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். போகிற இடம் காரைக்கால் பக்கம் விழிதியூர். போகிற காரியம், முறியவிருந்த ஒரு சம்பந்தத்தை எப்படியாவது ஒட்டவைப்பது.

என் தம்பி சேகர், சென்னைக்குத் தெற்கே கடலோரத்து அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன். அப்பா இல்லாத வீடு, அதனால் அக்கா நான்தான் அவனுக்குப் பெண் தேடினேன். விழிதியூர் வசந்தியை எல்லோருக்கும் பிடித்துப்போய், ஆவணியில் முகூர்த்தம் என்று பேசி முடித்தோம். அதற்குள் ரஷ்யாவில் அணு உலை வெடித்த செய்தி பேப்பரில் வந்துவிட்டது. கொஞ்ச நாளில் பெண்ணின் அப்பா கலியபெருமாளிடமிருந்து இன்லண்ட் லெட்டர்: 'கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்.' கல்யாணப் பேச்சில் இதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியாது? ஏற்கெனவே இரண்டு இடம், 'அணுவில் வேலை செய்கிறவனுக்குக் குழந்தை பிறக்காதாமே' என்று தட்டிப்போயிருந்தது. சேகருக்கு முப்பத்தொரு வயது. இதுவும் போனால் இனிக் கல்யாணம் என்ற பேச்சையே எடுக்க விடமாட்டான்.

ஏழே முக்காலுக்குப் புதுச்சேரி. அங்கிருந்து காரைக்காலுக்குப் பன்னிரண்டு ரூபாய் டிக்கெட். நூற்று முப்பது கிலோமீட்டரை நாலு மணி நேரத்துக்கு மேல் உருட்டினார்கள். என் பக்கத்தில், காரைக்காலை ஒட்டிய குரும்பகரம் கிராமத்து அம்மாள் ஒருத்தி. சிதம்பரம் தாண்டியதுமே பேச ஆரம்பித்துவிட்டாள். பம்புசெட்டுக்குக் கரண்ட் வருவதும் போவதும் யாருக்கும் தெரியாதாம். கடற்கரையில் யாரோ ஆபீசர்கள் வந்து மண்ணை அள்ளிப் பார்த்தார்களாம், அணுக் கரண்ட் வரப்போகிறதாம். வந்தால் வரட்டும், நாற்று காயாமல் இருந்தால் போதும் என்றாள்.

முன் சீட்டில் இருந்தவர் சட்டென்று திரும்பினார். அவரும் காரைக்கால் பக்கம்தான், போலகத்துக்காரர். அவர் ஊரில் அதை எதிர்த்து மனுவில் கையெழுத்து வாங்குகிறார்களாம். மண்ணை அள்ளியது யார், எதற்கு என்று ஒருவருக்கும் தெரியாது; ஆனாலும் ஒரு கட்சி கொண்டுவா என்கிறது, இன்னொன்று கூடாது என்கிறது. சுற்றிலும் தமிழ்நாடு இருந்தாலும் காரைக்கால் புதுச்சேரி அரசைச் சேர்ந்தது; அதனால் மனு முதலில் புதுச்சேரிக்குப் போய், அங்கிருந்து டெல்லிக்குப் போக வேண்டும்.

“எந்தப் பக்கம் ஓடுனாலும் ஒரு மணி நேரத்துல அடுத்த கவர்மெண்டு எல்லைங்க. எதுனா ஆச்சுன்னா நம்மள யாரு ஏத்துப்பாங்க?” என்று என்னையே கேட்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. அன்றைக்கு இருந்தது. தம்பியின் வேலையை எல்லாரிடமும் பீற்றிக்கொள்கிறவள், முதல் முறையாக அதை மறைத்தேன். வெட்கமாக இருந்தது.

பன்னிரண்டேகாலுக்குக் காரைக்கால். டவுன் பஸ் பிடித்து விழிதியூரில் இறங்கியபோது ஒரு மணி. ஆற்றில் தண்ணீர் வரவில்லை. வயலெல்லாம் புழுதி உழவோடு கிடந்தது. கலியபெருமாள் வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். சாப்பிட்ட பிறகுதான் பேச்சு என்றார்.

கை கழுவியதும், பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததையெல்லாம் கொட்டினேன். ரஷ்யாக்காரன் உலை வேறு, நம் உலை வேறு. வெளிநாட்டுக்காரன் கை விரித்தபோதும் நம் ஆட்களே கட்டி முடித்தது. கடைசியில், “எந்தம்பிக்குப் பயம்ங்கறதே கெடையாதுங்க” என்று முத்தாய்ப்பு வைத்தேன்.

அவர் உள்ளே போய், நாங்கள் அனுப்பிய போட்டோவை எடுத்துவந்தார். சேகரின் சட்டைப் பையில் குத்தியிருந்த சின்னப் பட்டையைத் தொட்டுக் காட்டி, இது என்ன தெரியுமா என்று கேட்டார். ஆபீஸ் அடையாள அட்டை என்றேன். ஸ்டூடியோவில் சேகர் அதைக் கழற்றப் போனபோது, ஆபீசர் களை வரும், இருக்கட்டும் என்று தடுத்தவளே நான்தான்.

“அடையாள அட்டை இல்லைங்கம்மா. உள்ள துண்டு பிலிம் இருக்கு. ஒடம்புல எவ்வளவு கதிர் பட்டுச்சுன்னு அது சொல்லும். இருவது வருசமா நானும் ஒண்ணு மாட்டிக்கிட்டுத்தான் நிக்கிறேன்.”

அவருக்கு ஆஸ்பத்திரி வேலை என்று தெரியும். என்ன வேலை என்று கேட்டுக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை; எக்ஸ்ரே எடுப்பவராம். அறியாத ஜனத்துக்குப் பாடம் எடுக்க வந்தவள், பாடம் கேட்டுக்கொண்டிருந்தேன். மனு இவர் வீட்டுக்கும் இரண்டு தடவை வந்துவிட்டதாம். கையெழுத்துப் போட்டால் மாப்பிள்ளை வீட்டை அவமானப்படுத்தியதாகிவிடும், போடாவிட்டால் ஊர் விடாது என்று தவிக்கிறார். பெண்ணிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

வசந்தி சமையலறை நிலைப்படியில் நின்றாள். சொல்லவேண்டியதைச் சொன்னாள். அவள் அப்பாவோடு வேலை பழகியவர் ஒருவர், எனக்கென்ன பயம் என்று ஈயத் தடுப்புக்கு வெளியிலேயே நின்று எக்ஸ்ரே படம் எடுப்பாராம். கதிர் பட்டுப் பட்டு, பிறகு அவர் கையில் இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்றாம்.

“எங்கப்பா தெனமும் பயந்துக்கிட்டேதான் வேலைக்குப் போறாங்க. பத்து வெரலோட வீட்டுக்கு வர்றாங்க. உங்க தம்பிக்குப் பயம் இருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க அண்ணி. இருக்குன்னா எனக்குச் சம்மதம்.”

மாப்பிள்ளையின் அக்கா என்று உறவு வைத்து, அண்ணி என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதற்காகச் சந்தோஷப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

மூன்றரை மணி பஸ்ஸில் திரும்பினேன். காரைக்காலில், வருமோ வராதோ தெரியாத ஒரு உலைக்கு ஊரே பயந்து கிடக்கிறது. எங்கள் வீட்டு அடுப்பில் உலை கொதிப்பதே இன்னொரு உலையால்தான். ஒரு நாளும் நான் அதற்குப் பயந்ததில்லை. தம்பி பயப்படாதவன் என்று நானே முடிவுகட்டி, அவனிடம் ஒரு வார்த்தை கேட்டதுகூட இல்லை. கடலூர் வரும்வரை அதே நினைப்பு.

இரவு புதுச்சேரியில் சித்தி வீட்டில் தங்கி, ஞாயிறு பத்து மணிக்கு வீடு சேர்ந்தேன். சேகர் மறுநாள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல், “உள்ள வேலை செய்யறப்போ உனக்குப் பயமா இருக்குமாடா?” என்று கேட்டேன். முதலில் சிரித்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தான்.

“தெனமும் இருக்குக்கா. சொன்னா, வேலைய விட்டுடுன்னு நீ அழுவே. அதான் சொல்லல.”

கல்யாணம் நின்றுபோகாது. அந்த நிமிஷமே இன்லண்ட் லெட்டரை எடுத்து விழிதியூருக்கு எழுத உட்கார்ந்தேன். ‘அவனுக்குப் பயம் இருக்கிறதாம்’ என்ற ஒரு வரியை எழுதி முடிப்பதற்குள், அவன் தினமும் அந்தப் பயத்தோடு உள்ளே போவது நினைவுக்கு வந்து, மூன்று தடவை பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.