ஒப்தூலியா வீட்டுச் சாப்பாடு

சுற்றுலாக்காரர்கள் வந்து இறங்கும் சாந்தா எலேனாவில் கடலைப் பார்த்த கடைகளில் உள்ளூர்க்காரன் எவனும் கை நனைக்க மாட்டான். கொத்தனாரும் சித்தாளும் மத்தியானம் ஓடுவது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒப்தூலியாவின் கடைக்குத்தான். நான்கு மேசை, தகரக் கூரை, வாசலோரம் இரும்புத் தட்டு வைத்த அடுப்பு. சூப், சோறு, பச்சைத் தக்காளிச் சாற்றில் வெந்த பன்றித்தோல், பீன்ஸ், குடிக்கப் புளித் தண்ணீர். சோள ரொட்டிக்கு மட்டும் கணக்கே கிடையாது. போதும் என்கிறவரை விழும்.

வடக்கே வேலைக்குப் போன புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான் என்று சேதி வந்த வாரம் அவள் அந்த அடுப்பை மூட்டினாள். பிள்ளைகள் இல்லை. இருபது கொத்தனார்களை அதட்டி உருட்டிச் சோறு போட்டதில் அந்தக் குறை அவளுக்குத் தெரியாமல் போயிற்று. அவர்களில் வாயாடி கிரெஸென்சியோ. ஊருக்கே அவன் செஞ்சோ. அவள் அவர்களுக்கெல்லாம் 'தோன்யா', பெரிய மனுஷியை மரியாதையாகக் கூப்பிடும் சொல்.

"தோன்யா, பீன்ஸ்ல உப்பு தூக்கலா இருக்கே. கை தவறிப் போடற அளவுக்கு யார் மேல ஆசை?"

"உன் மேலதான்டா. ருஃபினாகிட்ட கேட்டுட்டேன், 'கூட்டிட்டுப் போங்க, திருப்பி மட்டும் அனுப்பாதீங்க'ன்னுட்டா உன் பொண்டாட்டி."

கரையில் பெரிய ஓட்டல் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. வெயிலில் நண்டாய்ச் சிவந்த ஒரு வெளிநாட்டுப் பெண் சாரத்தடியில் வந்து நின்று, உடைந்த ஸ்பானிஷில் "நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டாள். செஞ்சோதான் அவளை அழைத்து வந்தான். தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே சாப்பிட்டான். காரத்தில் அவள் மூக்கு ஒழுகியது, கண் கலங்கியது, சிரித்தாள், மறுபடி கேட்டு வாங்கித் தின்றாள். அடுப்பை, தட்டை, ஒப்தூலியாவைப் படம் எடுத்தாள். போகும்போது ஒப்தூலியாவைக் கட்டிக்கொண்டாள்.

படம் எங்கெங்கோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அடுத்த பருவத்தில், கைப்பேசியும் கையுமாக வெள்ளைக்காரக் கிரிங்கோக்கள் வரத் தொடங்கினார்கள். ஒப்தூலியாவுக்குத் தலைகால் புரியவில்லை. அத்தனை தூரத்திலிருந்து தன் பீன்ஸைத் தேடி மனிதர்கள் வருகிறார்கள்! புதிதாக ஒரு குளிர்பெட்டி வாங்கினாள். தகரத்துக்கு நீலம் பூசினாள். கொத்தனார்களுக்குச் சாப்பாட்டு நேரம் அரைமணி. வந்தவர்களோ ஒரு தட்டை வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாக நின்று பார்த்த பையன்கள் ஒவ்வொருவராக மளிகைக் கடையில் சுடுதண்ணீர் ஊற்றித் தின்னும் நூடுல்ஸுக்குப் போனார்கள்.

"நாளைக்கு வாங்கடா, இடம் பிடிச்சு வைக்கிறேன்" என்பாள். பிடித்து வைக்க முடிந்ததில்லை.

இடத்துக்காரர் பல்தசார் படுத்த படுக்கையாகிவிட, குவாதலஹாரா நகரத்திலிருந்து அவர் மகள் யாதிரா வந்தாள். இனிக்க இனிக்கப் பேசினாள்.

"தோன்யா ஒப்து, உங்களை யாரு போகச் சொன்னா? கணக்கு வழக்கை நான் பாத்துக்கறேன். நீங்க உங்க கையால சமைங்க, அது போதும். கடைக்கு உங்க பேருதான்!"

வேண்டாம் என்றால் வாடகை ஏறும், ஏறினால் கட்ட முடியாது. இருவருக்கும் அது தெரியும். யாதிரா நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள்.

தகரம் போய் ஓலைக் கூரை வந்தது. சுவரில் ஆளுயரத்துக்கு அவள் முகத்தை எழுதி, கீழே 'ஒப்தூலியா வீட்டுச் சாப்பாடு' என்று போட்டார்கள். தெற்கே மலைக்காரப் பெண்கள் போடும் பூவேலைச் சட்டையை அவளுக்கு மாட்டிவிட்டார்கள்.

"எங்க பக்கத்துல யாரும்மா இதைப் போட்டா? எங்கம்மா பாத்தா திருவிழாவுக்கா போறேன்னு கேப்பா."

"அவங்களுக்கு எது எந்த ஊருன்னு தெரியவா போகுது? அழகா இருக்கீங்க" என்றாள் யாதிரா.

பன்றித்தோலைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள் என்று அதை நிறுத்தினார்கள். மிளகாய் குறைந்தது. ரொட்டிக்கும் விலை வந்தது.

ஒரு நாள் செஞ்சோ வந்தான். குளித்து, தலைவாரி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். காலணியில் மட்டும் சிமெண்ட் போகவில்லை. வாசலில் நின்ற பணியாள் அந்தக் காலணியைப் பார்த்தான்.

"முன்பதிவு இருக்கா சார்?"

இரண்டடி தள்ளி அடுப்பருகே நின்றிருந்தாள் ஒப்தூலியா. "அவன் என் ஆளு, உள்ள விடு" என்று சொல்ல ஒரு மூச்சு போதும். யாதிரா உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒப்தூலியா குனிந்து, வெந்துவிட்ட ரொட்டியை இன்னொரு முறை புரட்டினாள்.

"வேலையைப் பாருங்க தோன்யா. சும்மா இந்தப் பக்கமா வந்தேன்" என்றான் செஞ்சோ.

விடுமுறை நாளன்று பழைய பானை நிறையப் பன்றித்தோல் குழம்பு வைத்து, துணியில் ரொட்டி சுற்றி, மேட்டுக் குடியிருப்புக்குப் பேருந்து ஏறினாள். கரையோரம் வாடகை தாங்காமல் எல்லோரும் அங்கே போயிருந்தார்கள். ருஃபினா கதவைத் திறந்தாள்.

"அவரு இல்லீங்களே. இங்க ஓட்டல் வேலை முடிஞ்சுது. வடக்கே எந்த ஊர்லயோ புதுசா ஒண்ணு கட்டறாங்களாம், பசங்க எல்லாரும் போயிட்டாங்க. உக்காருங்க."

"என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னானா?"

ருஃபினா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "கோவமெல்லாம் இல்லீங்க. 'அந்த ஓட்டலுக்கு நூடுல்ஸைத் தின்னுட்டுக் கல்லு வச்சேன், அதுல தங்கறவன் நம்ம தோன்யா கையால சாப்பிடறான்'னு ஒருநாள் சிரிச்சாரு. அவ்ளோதான்."

பானையை ருஃபினா வாங்கிக்கொண்டாள். குழம்பைத் தொடவில்லை, "ராத்திரி சாப்பிட்டுக்கறேன்" என்றாள். தன்னை 'தோன்யா' என்று அவள் ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை என்பது திரும்பும் வழியில்தான் ஒப்தூலியாவுக்கு உறைத்தது.

மறுநாள் யாதிராவிடம் போய் நின்றாள். "நான் நின்னுக்கறேன்மா. மேட்டுல ரெண்டு மேசை போட்டு எம்பேர்லயே..."

"பேரைப் பதிவு பண்ணியாச்சே, அது கம்பெனியோடதுங்க. வேற பேர்ல வேணா வச்சுக்கங்க" என்றாள் யாதிரா, பரிவாகவே. "இந்த வயசுல எதுக்கு அலைச்சல்?"

மேட்டில் அவள் பார்த்த வீடுகளில் இருந்ததெல்லாம் பெண்களும் குழந்தைகளும். யாருக்குச் சமைப்பது? அவள் போகவில்லை.

அந்த மழைக்காலத்தில் அவள் மணிக்கட்டு வீங்கியது. யாதிரா திட்டவில்லை. மெஷினில் போட்ட ரொட்டி தினமும் மூட்டையாகப் பின்வாசலில் வந்து இறங்க ஏற்பாடு செய்தாள். ஒப்தூலியா வாசலில் உட்கார்ந்து படம் எடுப்பவர்களுக்காக ரொட்டி தட்டினால் போதும். தட்டிய மாவையே உருட்டி மறுபடி தட்டுவாள். ஈ மொய்த்து, கையழுக்கு ஏறி, சாயங்காலத்துக்குள் அது கறுத்துவிடும். பாத்திரம் கழுவுகிறவள் வந்து எடுத்துப் போய்க் குப்பையில் போடுவாள்.