ஆபரேட்டரம்மா எழுதிய விதிகள்

பம்பு செட் செய்யும் அந்தக் கம்பெனியில் யாரைக் கேட்டாலும் அவளுக்கு ஒரே பெயர்தான்: ஆபரேட்டரம்மா. இருபத்தாறு வருஷமாக, வாசலை ஒட்டிய கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிற போனையெல்லாம் எடுத்து, ஆள் பார்த்து, நேரம் பார்த்துக் கொடுத்தவள்.

புது போன் சிஸ்டம் வந்தது. எந்த அழைப்பு யாருக்குப் போக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு ஒரு டெக்னீஷியன் வந்தார். தொந்தியும் தொப்பியுமாக, நடுத்தர வயது. மானேஜர் அவரை நேரே அவளிடம் அனுப்பிவிட்டார். வேறு யாருக்கும் அந்த விவரம் தெரியாது.

“ரொம்ப சுலபம்மா. ஒண்ணு அமுக்கினா விற்பனை, ரெண்டு அமுக்கினா ரிப்பேர், மூணு ஸ்டோர். எடுக்கலன்னா அடுத்து யாருக்குப் போகணும்னு மட்டும் சொல்லுங்க.”

“ரிப்பேர் மேஸ்திரிக்கு ஒரு காது கேக்காது. பத்து ரிங்காவது விடுங்க. அப்புறம், ஸ்டோர் கீப்பருக்கு நாலு மணிக்கு வர்ற போனைக் காக்க வைக்கக் கூடாது.”

“யாரு, பெரிய கஸ்டமரா?”

“அவர் பொண்ணு. அம்மா இல்லாத புள்ள. ஸ்கூல் விட்டு வந்துட்டேன்னு சொல்லும். அது சொல்ற வரைக்கும் இவர் எண்ணின நட்டையே எண்ணிட்டிருப்பார்.”

டெக்னீஷியன் சிரிக்காமல் அதையும் ஏற்றினார். “சரி, முதலாளிங்க ரெண்டு பேருக்கும்?”

 பதினாறு வருஷத்துக்கு முந்தைய நாள் ஒன்று அவள் கண்முன் வந்து நின்றது.

முதலாளிகள் அண்ணன் தம்பி. புது லேத்து மெஷின் வாங்குவதா வேண்டாமா என்பதில் தொடங்கிய பேச்சு முற்றி, முகம் பார்ப்பதே நின்றுபோயிருந்த சமயம் அது. அடுத்தடுத்த அறை, நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. பதினோரு மாதம் இருவரும் அவள் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

“அவன்கிட்ட சொல்லும்மா, வார்ப்பு சரியா வரலன்னு.”

“அவர்கிட்ட சொல்லும்மா, அது எனக்கே தெரியும்னு.”

அவள் அதை அப்படியே சொல்வாளா? “பாத்துக்கறேன்னாரு சார்” என்று மழுப்புவாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் அசல் வார்த்தை தெளிவாகவே கேட்டிருக்கும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்தப் பிழைப்பு.

ஒரு மத்தியானம் அவர்களுடைய அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள். அம்மா படியில் விழுந்துவிட்டாள். “பெரியவன்கிட்ட குடுக்கறதா சின்னவன்கிட்ட குடுக்கறதா, தெரியலம்மா. யாருக்கு முதல்ல சொன்னாலும் இன்னொருத்தன் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான்” என்று அழுதாள்.

மூன்று லைனை ஒன்றாகச் சேர்க்கும் பொத்தான் ஒன்று போர்டில் இருந்தது. கேட்காமல் அதைத் தொடக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. அவள் தொட்டாள். இரண்டு அறையிலும் மணி ஒரே நேரத்தில் அடித்தது. “அக்கா லைன்ல இருக்காங்க சார்” என்று இருவருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டு, ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். வேலை போனால் போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

போர்டில் மூன்று விளக்கும் அணையாமல் எரிந்தன. பிறகு இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்தன.

“வண்டியை எடு” என்றார் அண்ணன்.

“சாவி உங்ககிட்டதானே இருக்கு” என்றார் தம்பி.

அவ்வளவுதான். அம்மா பிழைத்து எழுந்தாள். அடுத்த மாதமே லேத்து மெஷினும் வந்து இறங்கியது. அந்தப் பொத்தானைப் பற்றி யாரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“அம்மா?” என்றார் டெக்னீஷியன்.

“ரெண்டு ரூம்லயும் சேர்ந்தே அடிக்கட்டும். யார் எடுத்தாலும் சரி.”

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. எதையும் அமுக்காமல் இருந்தால் இரண்டு தடவை கேட்டுவிட்டு லைன் தானாகவே கட்டாகிவிடும் என்றார் அவர். அவள் ஒப்பவில்லை.

“எங்களுக்குப் போன் பண்றவங்கள்ல பாதிப்பேர் மோட்டாரைக் கழட்டிப் போட்டுட்டு கிரீஸ் கையோட பேசறவங்க. எதைன்னு அமுக்குவாங்க? என்கிட்ட அனுப்புங்க.”

புது சிஸ்டம் ஓடத் தொடங்கியதும் அவளை மாடியில் உதிரிபாகப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஜன்னலோர மேஜை, நல்ல காற்று. ஆனாலும் முதல் இரண்டு நாள் கை தன்பாட்டுக்குக் காதோரம் போய் இல்லாத ஹெட்போனைச் சரிசெய்தது. கீழே மணி அடிக்கும்போதெல்லாம் யாராக இருக்கும் என்று மனசு படியிறங்கிப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தது.

மூன்றாம் நாள் மேஜையில் போன் அடித்தது.

“ஏம்மா, ஒரு பொம்பள அது பாட்டுக்குப் பேசிட்டே இருக்கு. நான் சொல்றதைக் காதுலயே வாங்க மாட்டேங்குது” என்றார் ஒருவர், கோபமாக.

எதை அமுக்க வேண்டும் என்று சொல்லும் அந்தக் குரல், டெக்னீஷியன் அவளையே பேச வைத்துப் பதிந்துகொண்டது. அவள் அதைச் சொல்லவில்லை. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, பேனாவை எடுத்தாள்.

“விடுங்கய்யா, அவ அப்படித்தான். மோட்டார் என்ன பண்ணுது, சொல்லுங்க.”