முன்னால் ஓடச் சொன்னார்கள்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் எனக்கு ஓய்வே இருக்காது. தென்காசி ரயிலடியில் இறங்குகிறவர்களைக் கொண்டுபோய் அருவிக்கரையில் விடுவேன். ஈரத்தலையோடு நிற்கிறவர்களை ஏற்றிக்கொண்டு திரும்புவேன். என் வண்டியில் பூட்டியிருந்தது ஒரு செவலைப் பெண்குதிரை. வயது பத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் தனக்கு முன்னால் ஒரு வண்டி போவது அதற்குப் பொறுக்காது. அதைத் தாண்டிய பிறகுதான் காதைத் தளர்த்தும்.

ஒவ்வொரு சீசனிலும் ஒரு நாள் காலையில் குதிரைப் பந்தயம் நடக்கும்; வண்டி கிடையாது, குதிரைமேல் ஏறி ஓட்ட வேண்டும். தென்காசியில் கோயிலின் மொட்டைக் கோபுரத்தடியில் கிளம்பி, மேலகரம், நன்னகரம் வழியாகக் குற்றாலம் தேரடியில் முடியும். கடைசி ஒரு மைல் மேடு. செங்கோட்டை வியாபாரி ஒருவரின் கறுப்புக் குதிரை இரண்டு வருஷமாகத் தொடர்ந்து ஜெயித்திருந்தது. எங்கள் பக்கத்துப் பண்ணையார் ஒருவருக்கு அதில் பெரிய மனக்குறை. அவரிடம் ஒரு சாம்பல் குதிரை இருந்தது. அதை ஓட்டுகிறவர் என் அக்காவின் புருஷன்.

அந்த வருஷம் பண்ணையார் என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"ஒஞ் செவலையயும் நம்ம பேருல எறக்குதோம்லே. எடுத்த எடுப்புலயே முன்னால போயிரணும். கறுப்ப முன்னால விடப்பிடாது. மத்ததப் பொறவு பாத்துக்கிடலாம்."

"சரி அண்ணாச்சி" என்றேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. வண்டி இழுக்கிற குதிரையைப் பந்தயத்துக்குக் கேட்கிறார் என்றால் அதன் ஓட்டம் அவர் கண்ணில் பட்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்? அன்று அக்கா வீட்டில்தான் சாப்பிட்டேன். நான் ஜெயித்துவிட்டால் அத்தான் வருத்தப்படுவாரோ என்றுகூட யோசித்தேன். அத்தான் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்.

பந்தயத்தன்று தூறல் போட்டுக்கொண்டிருந்தது. வேட்டுச் சத்தம் கேட்டதும் செவலை பாய்ந்தது. நான் சவுக்கை எடுக்கவே இல்லை. மேலகரம் வரும்போது பின்னால் குளம்புச் சத்தமே கேட்கவில்லை. சாலையின் இரண்டு பக்கமும் நின்ற ஜனங்கள் கையைத் தூக்கிக் கத்தினார்கள். நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

செங்கோட்டை வியாபாரி மோட்டார் காரில் கூடவே வந்தார். தன் ஆளைப் பார்த்து, "பிடி, அவனைப் பிடி" என்று அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. அந்த ஆள் ஒல்லியான, நரைத்த மீசைக்காரர். கறுப்பைத் தட்டிவிட்டார். நன்னகரத்துக்கு முன்னாலேயே இரண்டு குதிரைகளும் பக்கம் பக்கமாக வந்துவிட்டன. பக்கத்தில் ஒரு குதிரை வந்ததும் செவலைக்கு வெறி ஏறியது. அதன் மூச்சில் கிழிந்த துணியை உதறுவது போல ஒரு சத்தம் சேர்ந்தது. அதுவரை அதனிடம் நான் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை.

மீசைக்காரர் என் பக்கம் திரும்பினார். "நீயும் நானும் இங்கன சாவுதோம். பின்னால ஒருத்தன் சுகமாட்டு வாரான், கேட்டியா?"

திரும்பிப் பார்த்தேன். இருபது முப்பது அடி பின்னால் சாம்பல் குதிரை. அத்தான் கடிவாளத்தை இழுத்துப் பிடித்து உட்கார்ந்திருந்தார். குதிரையின் வாயில் நுரை இல்லை. அத்தானின் முகத்தில் அவசரம் இல்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. கறுப்பின் பின்னங்கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அப்போதுதான் புரிந்தது. ஜெயிப்பதற்காக என்னை முன்னால் விடவில்லை. கறுப்பை இழுத்துக்கொண்டு ஓடிச் சாகத்தான் விட்டிருக்கிறார்கள்.

கடிவாளத்தை இழுத்தேன். செவலை கேட்கவில்லை. மேடு தொடங்கிய இடத்தில் அதுவாகத் தளர்ந்தது. பிறகு நின்றே விட்டது. குதித்து இறங்கி முன்னால் போய்ப் பார்த்தேன். மூக்கின் இரண்டு துளைகளிலும் ரத்தம். என் சட்டையில் முகத்தைத் தேய்த்தது. சட்டை முழுவதும் சிவந்துவிட்டது. அந்த நேரத்தில் அத்தான் என்னைக் கடந்து போனார். அப்போதுதான் அவர் சவுக்கை எடுத்தார்.

களைத்துப்போன கறுப்பைத் தாண்டிச் சாம்பல் ஜெயித்தது. நான் செவலையை நடத்திக்கொண்டே தேரடிக்குப் போய்ச் சேர்ந்தபோது அத்தானின் கழுத்தில் மாலை கிடந்தது. பண்ணையார் சிரித்துக்கொண்டே என் தோளில் கை போட்டார். "ஒன்னாலதாம்லே ஜெயிச்சோம்" என்றார். அதில் கேலி இல்லை. உண்மையாகவே பாராட்டினார். அதுதான் என்னைத் திகைக்க வைத்தது.

அத்தானைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அத்தான்?"

"சொன்னா நீ அப்படி ஓட்டியிருப்பியா மாப்ள? ஜெயிக்கப் போறோம்னு நீ நம்புனாத்தான் அவனும் நம்பித் தொரத்துவான்."

அவர் சொன்னது சரி. சொல்லியிருந்தால் நான் அப்படி ஓட்டியிருக்க மாட்டேன். ஒருவன் மனப்பூர்வமாக நம்புவதையும் கடிவாளம் போலக் கையில் பிடித்துக்கொள்ளலாம் என்பது எனக்கு அதுவரை தெரியாது. "அக்காவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன். "தெரியும்" என்றார்.

செவலை பிழைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு நடைதான், ஓட்டம் இல்லை. அவசரக்காரர்கள் என் வண்டியை விட்டுவிட்டுப் பஸ்ஸில் ஏறினார்கள். அக்கா வீட்டுக்குப் பல மாதம் நான் போகவில்லை.

அடுத்த வருஷம் அத்தான் பட்டாளத்தில் சேர்ந்து போய்விட்டார். சாம்பலை ஓட்டச் சொல்லிப் பண்ணையார் என்னைக் கேட்டார். ஒப்புக்கொண்டேன். ஏன் ஒப்புக்கொண்டேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பின்னால் உட்கார்ந்து வருகிறவனுக்கு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டேன் போலிருக்கிறது. முன்னால் ஓடுவதற்குக் கீழப்பாவூர் வண்டிக்காரன் ஒருவனைப் பிடித்திருந்தார்கள். அவனுடையது எலும்பும் தோலுமான ஒரு வெள்ளைக் குதிரை. "அவங்கிட்ட ஒண்ணும் பேசிக்கிடாத" என்று பண்ணையார் என்னிடம் சொல்லி வைத்தார்.

மொட்டைக் கோபுரத்தடியில் அவன் சேணத்தை இறுக்கிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் போய், "எடுத்த எடுப்புல வெரட்டாத. கறுப்போட மூச்ச எடுக்கத்தான் ஒன்ன முன்னால விடுதாங்க" என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். அவன் என்னை நம்பவில்லை என்பது பார்வையிலேயே தெரிந்தது.

வேட்டு போட்டதும் வெள்ளை பறந்தது. மீசைக்காரர் இந்தத் தடவை ஏமாறுவதாக இல்லை. கறுப்பை அடக்கிப் பிடித்தார். எனக்கு இட்ட உத்தரவு கறுப்பின் பின்னாலேயே வர வேண்டும் என்பது. அதனால் நானும் அடக்கிப் பிடித்தேன். அவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் அவருடைய கையையே பார்த்தேன். யார் முதலில் தட்டிவிடுவது என்று நாங்கள் காத்துக்கொண்டே போக, நன்னகரத்து வளைவில் வெள்ளை கண்ணுக்கே தெரியவில்லை.

வளைவைத் தாண்டினோம். மேட்டின் பாதியில் வெள்ளை போய்க்கொண்டிருந்தது. தள்ளாடவே இல்லை. யாரும் துரத்தவில்லை என்று தெரிந்ததும் அவன் வேகத்தைக் குறைத்துக் குதிரையை மூச்சு வாங்க விட்டிருக்கிறான். வளைவு மறைத்ததால் எங்களுக்கு அது தெரியவில்லை. மீசைக்காரரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவர் முகம் வெளுத்திருந்தது. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சவுக்கை எடுத்தோம். என் சாம்பல் கறுப்பைத் தாண்டியது. வெள்ளையின் வால் வரைக்கும் வந்தது. அதற்குள் தேரடி வந்துவிட்டது.

ஜனங்களிடம் சத்தமே இல்லை. ஜெயித்தது பண்ணையார் பேரில் ஓடிய குதிரைதான். ஆனாலும் அவர் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, யார் கழுத்தில் போடுவது என்று தெரியாதவர் போல நின்றார்.

மீசைக்காரர் இறங்கி என் பக்கத்தில் வந்தார். "ஒன்னயே பாத்துட்டிருந்தேன். அவன ஆரும் பாக்கல, கேட்டியா" என்றார்.

கீழப்பாவூர்க்காரன் குதிரையின் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஜெயித்ததை அவனாலேயே நம்ப முடியவில்லை.

"என்னயக் கெடுக்கத்தான் அப்படிச் சொல்லுதீயன்னு நெனச்சேன் அண்ணே. அதான் கேக்கல" என்றான்.

"கேக்காததே நல்லதாப் போச்சு" என்றேன். அவன் குதிரையின் மூக்கைத் தடவி என் விரலைப் பார்த்தேன். ரத்தம் இல்லை, நீர்தான் இருந்தது.